‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று போன 59 நாட்கள்: தானியங்கி அப்டேட்டை நிறுத்தினால் என்ன ஆகும்?

மாதம் 20ஆம் தேதி என்றால் வரி ஆலோசகர் அலுவலகங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு அதுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணி, பாதிப் பதிவு முடிந்திருக்கிறது. திடீரென்று திரை மாறுகிறது. சின்னப் புள்ளிகள் வட்டமடிக்கின்றன. ‘அப்டேட் நடக்கிறது, 27 சதவீதம், கணினியை அணைக்க வேண்டாம்’ என்கிறது. 27 எப்போது 28 ஆகும் என்று அலுவலகமே வேலையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் சர்வீஸ் செய்பவர் வரவழைக்கப்படுகிறார். “இதை ஆஃப் பண்ணிடுங்க தம்பி, இனிமே வரவே கூடாது” என்கிறார் முதலாளி. இரண்டு நிமிட வேலை, முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணினி ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை. ஒரு வருடம் போகிறது, இரண்டு வருடம் போகிறது. “ஆஃப் பண்ணதிலிருந்து சிஸ்டம் ஸ்மூத்தா ஓடுது” என்று அடுத்த கடைக்காரருக்கும் அதே யோசனை போய்ச் சேர்கிறது.

டிடிபி கடை, ஆவண எழுத்தர் அலுவலகம், கிளினிக், வீடு என்று எங்கே விசாரித்தாலும் இதே மாதிரி ஒரு கதை கிடைக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் எடுத்த முடிவு தவறு. அது எவ்வளவு பெரிய தவறாக முடியலாம் என்பதற்குப் பிரிட்டன் மருத்துவமனைகள் 2017இல் பட்ட பாட்டைப் பார்த்தாலே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை

2017 மே 12. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் கணினிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. திரையில் ஒரு சிவப்புப் பெட்டி. ‘உங்கள் கோப்புகள் எங்கள் பிடியில் இருக்கின்றன. 300 டாலரை பிட்காயினாகக் கட்டுங்கள். மூன்று நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு, ஏழு நாள் தாண்டினால் கோப்புகளை மறந்துவிடுங்கள்’ என்பதுதான் அதன் சாரம். இந்த ரான்சம்வேரின் பெயர் வான்னாக்ரை.

நோயாளியின் பழைய குறிப்பு திறக்கவில்லை, பரிசோதனை முடிவு வரவில்லை. டாக்டர்கள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் சுமார் மூன்றில் ஒன்று பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு பின்னர் கணக்கிட்டது. 595 குடும்ப மருத்துவர் கிளினிக்குகளிலும் வைரஸ் புகுந்திருந்தது. ரத்தான முன்பதிவுகள் 19,000க்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்பட்ட 139 பேரின் முன்பதிவும் அதில் அடக்கம். ஐந்து பகுதிகளில் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு தொலைவான மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

பிரிட்டனோடு இது நிற்கவில்லை. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. ஸ்பெயினில் டெலிபோனிகா நிறுவனம், பிரான்ஸில் ரெனோ கார் ஆலைகள், ஜெர்மனியில் ரயில் நிலையத் தகவல் பலகைகள், பக்கத்தில் ஆந்திரப் போலீசின் சில கணினிகள் என்று பட்டியல் நீண்டது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர் அந்த வைரஸின் குறியீட்டுக்குள் யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரி இருப்பதைக் கவனித்தார். பத்துச் சொச்சம் டாலர் கட்டி அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். அந்த முகவரி உயிரோடு இருந்தால் வைரஸ் பரவாமல் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இல்லாவிட்டால் கணக்கு இன்னும் எங்கோ போயிருக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. நடுவில் 59 நாட்கள். பேட்ச் போடச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் என்எச்எஸ்ஸின் தொழில்நுட்பப் பிரிவே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, பேட்ச் கையில் இருந்தும் போடாத விண்டோஸ் 7 கணினிகள். ஒரு பைசா செலவு இல்லை. ரீஸ்டார்ட் செய்ய நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருடனுக்கும் அதே நாளில் தகவல் போகிறது

இயங்குதள அப்டேட் என்றால் புது ஐகான், புது நிறம், இடம் மாறிய பட்டன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாதாமாதம் வருவதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத வேலை. விண்டோஸ் மாதிரியான ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரி நிரல் இருக்கிறது. மனிதர்கள் எழுதியது, தவறு இருக்கத்தான் செய்யும். சில தவறுகள் வெளியாள் உள்ளே நுழையும் வழியாகிவிடுகின்றன. கிழிந்த இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதுபோல அதை அடைப்பதால்தான் பேட்ச் என்ற பெயர்.

பேட்ச் வந்த நாளில் இன்னொன்றும் நடக்கிறது. ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஹேக்கர்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அன்று இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. அடுத்த நாளுக்குப் பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘தாக்குதல் புதன்’. அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர் பழைய நிலைமையிலேயே இருப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் நிலைமை செவ்வாய்க்கிழமையைவிட மோசமாகிவிட்டது. கதவு பழையதுதான், ஆனால் பூட்டு எங்கே பழுது என்ற விவரம் தெருவில் ஒட்டியாகிவிட்டது.

வான்னாக்ரை விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் தன் சொந்த உபயோகத்துக்கு எடர்னல்ப்ளூ என்ற கருவியாக வைத்திருந்தது. ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் ஏப்ரல் 14ஆம் தேதி அதை இணையத்தில் போட்டுவிட்டது. சரியாக நான்கு வாரத்தில் மருத்துவமனைகள் முடங்கின. ஒரு நாட்டின் உளவுத்துறை ஓட்டையைக் கண்டுபிடித்து மூடாமல் வைத்துக்கொள்வது பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

‘கண்ட லிங்கை எல்லாம் அழுத்த மாட்டேன், தெரியாத மெயிலைத் திறக்க மாட்டேன், எனக்கு எதற்கு அப்டேட்?’ என்று கேட்பவர்கள் நிறைய. நல்ல பழக்கம்தான். ஆனால் வான்னாக்ரை பரவ யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில்தான் ஓட்டை. நெட்வொர்க்கில் ஒரு கணினி சிக்கினால் அது பக்கத்துக் கணினியைத் தானே தேடிப் போய்த் தொற்றும். கணினிக்கு முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் பரவும்.

‘என் சிஸ்டத்தில் திருட என்ன இருக்கிறது?’ என்பது அடுத்த கேள்வி. ஆடிட்டர் அலுவலகக் கணினியில் இருப்பது அவருடைய சொத்து இல்லை. நூறு வாடிக்கையாளரின் பான் எண், ஆதார் நகல், வங்கி விவரம். ஆவண எழுத்தரிடம் ஊர்க்காரர்களின் பத்திர நகல்கள். கிளினிக்கில் நோயாளிகளின் விவரம். அப்டேட்டை ஆஃப் செய்யச் சொல்லும்போது முதலாளி தனக்காக மட்டும் முடிவெடுக்கவில்லை. அந்த நூறு பேரைக் கேட்காமல் அவர்களுக்காகவும் எடுக்கிறார்.

தானாக நடப்பது ஏன் வந்தது?

ஆரம்பத்தில் பேட்ச்சைத் தேடிப் போய் இறக்கிப் போடுவது பயனாளர் வேலையாக இருந்தது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு சில நிமிடங்களில் உலகத்தைச் சுற்றி வந்தது. அதற்கான பேட்ச் முந்தைய ஜூலையிலேயே வெளியானது. ஆறு மாதம் கையில் இருந்தும் ஆயிரக்கணக்கான நிர்வாகிகள் போடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. அதற்கு அவகாசம் 26 நாள்தான். கணினியை ஆன் செய்தால் ஒரு நிமிடத்தில் தானாக அணையும் என்று எண்ணிக்கை ஓடிய அந்த அனுபவம் பழைய பிரவுசிங் சென்டர்காரர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கலாம்.

இரண்டு அடி வாங்கிய பிறகுதான், மனிதர்களின் ஞாபகத்தை நம்பி இதை நடத்த முடியாது என்ற முடிவுக்கு மைக்ரோசாப்ட் வந்தது. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தானியங்கி அப்டேட்டை ஆன் செய்யச் சொல்லி நேரடியாகவே கேட்டது. விண்டோஸ் 10 வந்தபோது ஹோம் பதிப்பில் வேண்டாம் என்று சொல்லும் பட்டனே எடுக்கப்பட்டுவிட்டது. இங்கேதான் சண்டை ஆரம்பம்.

அப்டேட்டே காலை வாரினால்?

அப்டேட்டை வெறுப்பவர்களிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன, அவற்றை மழுப்பக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட், சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. அழிந்துபோன கல்யாணப் படங்களை வைத்திருந்தவரிடம் போய் ‘பாதுகாப்புக்கு அப்டேட் போடுங்கள்’ என்றால் என்ன பதில் வரும்?

2024 ஜூலை 19 இன்னும் பெரிய சம்பவம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸ் அப்டேட் அல்ல. பெரிய நிறுவனங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் அப்டேட். ஆனால் கோளாறு தானியங்கி முறையில்தான் இருந்தது. சிலருக்கு முதலில் அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மூச்சில் போனது. தவறைக் கண்டுபிடித்துத் திரும்பப் பெற 78 நிமிடம் ஆனது, அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

மூன்றாவது சம்பவம்தான் யோசிக்க வைப்பது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் நாட்பெட்யா கிளம்பியது. அது உள்ளே வந்த வழியே அப்டேட்தான். உக்ரைன் நிறுவனங்கள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றி, அதன் வழியாக அனுப்பினார்கள். டென்மார்க் கப்பல் நிறுவனம் மெர்ஸ்க் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையமும் நின்றுபோனது. ஆக, அப்டேட் என்று வருவதெல்லாம் நல்லதுதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் நாட்பெட்யா ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது எப்படி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருடிய பாஸ்வேர்டுகள் ஒரு வழி. இன்னொரு வழி அதே எடர்னல்ப்ளூ, அதாவது மார்ச்சில் பேட்ச் வந்த அதே ஓட்டை. வான்னாக்ரை உலகையே உலுக்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் பேட்ச் போடாத கணினிகள் வேண்டிய அளவு கிடைத்தன.

இரண்டு தட்டையும் வைத்து எடைபோட்டால், தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் சில கணினிகளில் முதலில் போட்டுப் பார்த்து, சில நாள் கழித்து மற்றவற்றுக்குப் போடலாம். அதற்கு ஆள் இருக்கிறது. மூன்று கணினி வைத்திருக்கும் அலுவலகத்திலும் வீட்டிலும் யார் சோதித்துப் பார்ப்பது? அங்கே ‘பார்த்துப் போடலாம்’ என்றால் கடைசிவரை போடுவதில்லை என்றுதான் அர்த்தம். கெட்ட அப்டேட் எப்போதாவது வரும், வந்தால் உலகமே கத்தும், சில நாளில் சரியாகும். போடாத பேட்ச் சத்தமே போடாது. கோப்பு அழியும் பயத்துக்கு மருந்து வேறு: முக்கியமானதை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைப்பது. ரான்சம்வேர் வந்தாலும் கைகொடுப்பது அதே நகல்தான்.

ஊசியோடு விளம்பரமும்

இத்தனை பேர் அப்டேட்டை ஆஃப் செய்யச் சொல்கிறார்கள் என்றால் பழியை அவர்கள் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. நம்பிக்கையைக் கெடுத்ததில் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2015, 2016இல் விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களை விண்டோஸ் 10க்கு மாற்ற மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட் வரும் அதே வழியைப் பயன்படுத்தியது. ஒரு கட்டத்தில், அறிவிப்புப் பெட்டியை மூடும் பெருக்கல் குறியை அழுத்தினாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கலிபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்திய ஒருவர், கேட்காமல் வந்த அப்கிரேடால் கணினி கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11 அப்டேட்டோடு ஸ்டார்ட் மெனுவில் செயலி விளம்பரங்களும் வந்து இறங்கின.

தடுப்பூசி போட வந்தவர் கையோடு சீட்டுக் கம்பெனிக்கும் ஆள் சேர்த்தால், அடுத்த முறை அவருக்கு யார் கதவைத் திறப்பார்கள்? பாதுகாப்பு பேட்ச் வேறு, புது வசதியும் விளம்பரமும் வேறு. முன்னது தானாக வரட்டும், பின்னதற்குப் பயனாளரைக் கேட்க வேண்டும். இது முடியாத காரியமும் அல்ல. உபுண்டு லினக்ஸ் இயல்பாகவே பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தானாகப் போடுகிறது. ஆப்பிள் கணினிகளில் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்டோஸ் கணினி வாங்கும்போது இதை ஒரு நிபந்தனையாகக் கேட்கும் பேரம்பேசும் பலம் அரசுகளுக்கு உண்டு. கேட்பதுதான் இல்லை.

நம்மூர்ச் சிக்கல்கள்

இங்கே பல கணினிகளில் அப்டேட் நின்றதற்கு முதலாளியின் கோபம்கூடக் காரணமில்லை. விண்டோஸுக்குக் காசு கொடுக்காமல் கிராக் போட்டவர், ‘அப்டேட் வந்தா கிராக் போயிடும்’ என்று முதல் நாளே அதை முடக்கிவிடுகிறார். வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. மிச்சப்படுத்தியது சில ஆயிரம் ரூபாய். பூட்டு இல்லாத வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிய கதை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கணினி ஓட்டுபவர்களுக்கு டேட்டா கவலை. அதற்காக அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடுகிறார்கள். அப்படிக் குறித்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. மாதம் முழுக்க அதே ஹாட்ஸ்பாட் என்றால் அப்டேட்டை ஆஃப் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மாதத்தில் ஒரு இரவாவது வைஃபை இருக்கும் இடத்தில் விட்டுவைக்க வேண்டும். லேப்டாப்பை மூடி மூடித் திறப்பவர்கள் இன்னொரு ரகம். அப்டேட் இறங்கியிருக்கும், ஆனால் ரீஸ்டார்ட் ஆனால்தான் பல பேட்ச்கள் வேலை செய்யத் தொடங்கும். மூன்று வாரமாக ரீஸ்டார்ட் செய்யாத லேப்டாப்பில் பேட்ச் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

20ஆம் தேதி பிரச்சினைக்கு வழி விண்டோஸிலேயே இருக்கிறது. அப்டேட் பகுதியில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற அமைப்பில் வேலை நேரத்தைக் குறிக்கலாம், 18 மணி நேரம் வரை. அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. கெடு நெருங்கும் வாரத்தில் ‘பாஸ்’ கொடுத்து ஒரு வாரம் நிறுத்திவைக்கலாம். ஐந்து வாரத்துக்கு மேல் தள்ள முடியாது என்பது நல்ல ஏற்பாடு. மறந்துபோனாலும் கணினி மறக்காது.

எல்லாம் ஆன் செய்திருந்தும் பலன் இல்லாத ஒரு கூட்டமும் இப்போது உருவாகியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச் கிடைக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர் என்பது ஏற்பாடு. பதிவு செய்யாத கணினியில் அப்டேட் ஆன் என்று இருந்தாலும், வருவதற்குப் பேட்ச் இல்லை. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அது இல்லை என்பதற்காக ஓரம்கட்டச் சொல்வது அநியாயம். டேலியை நம்பியிருக்கும் அலுவலகத்தால் லினக்ஸுக்கும் சட்டென்று தாவ முடியாது.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் சர்வீஸ் செய்பவரை இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருக்கும். ஆஃப் செய்ததை ஆன் செய்து, ஆக்டிவ் ஹவர்ஸில் காலை எட்டு முதல் இரவு பத்து வரை போடுவது அதே இரண்டு நிமிட வேலை. இரண்டு வருடப் பாக்கி ஒன்றாக இறங்குவதால் முதல் நாள் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இழுக்கலாம். 21ஆம் தேதி மாலை, எல்லோரும் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. காலையில் வந்து ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்து, மேலே இருக்கும் தேதி இந்த மாதம்தானா என்று பார்த்தால் போதும்.